வந்த வழியும் வாழ்ந்த வழியும்



அலுவலகங்களில் நாம் நிரப்பித் தரும் படிவங்கள் பலவற்றில் இரண்டு கட்டங்கள் அடுத்தடுத்து இருக்கக் காண்கிறோம். ஒன்று ‘தற்போதைய முகவரி’. மற்றொன்று ‘நிரந்தர முகவரி’. மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் எனக்கு இவ்விரு தொடர்களும் நாள்தோறும் கண்ணில் படுபவை. மொழிபெயர்ப்பதற்கு இவை எளியவை. பொருள் காண்பதற்கோ மிக அரியவை. மும்பையின் தாராவியிலோ மாதுங்காவிலோ, டெல்லியின் கரோல்பாகிலோ, பெங்களூரின் அல்சூரிலோ, நான் வாழும் இத்திருவனந்தபுரத்திலோ முப்பது நாற்பது ஆண்டுகள் குடியிருந்த பின்னரும், தமிழர் பலர் இரண்டாவது கட்டத்தில் தம் தந்தையாரின் ஊரையே எழுதுகின்றனர். அவ்வூரில் இருந்த வீடு கைமாறியிருக்கும்; திண்ணையில் அமர்ந்து பேசியோர் மறைந்திருப்பர்; தெருவின் பெயர்கூட மாறியிருக்கும். எனினும் எழுதும் கை அவ்வூரின் பெயரையே எழுதுகிறது.

தற்போதைய முகவரி எப்பொழுது நிரந்தர முகவரியாகிறது? வந்தேறியவர் எந்த நாளில் ஊர்க்காரர் ஆகிறார்? அதனை முடிவு செய்பவர் வந்தவரா, வரவேற்ற ஊராரா? இவ்வினாக்களுக்கு விடை காண, விரும்பி வராத ஒருவரின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். விரும்பி வந்தவருக்குப் பிறந்த ஊரைப் பிரிந்த துயர் ஒன்றே உண்டு. விலங்கிட்டுக் கொணரப்பட்டவருக்கோ வந்து சேர்ந்த ஊரே சிறையாக இருக்கிறது. அச்சிறையை ஒருவர் தம் வீடாக்கிக் கொண்டார் என்றால், அது எவ்வாறு நிகழ்ந்தது என்று நாம் கேட்டறிவது பயனுடையதாகும்.

உலக வரலாற்றில் இத்தகையோர் பலர். 1788 முதல் 1868 வரையிலான எண்பது ஆண்டுகளில், பிரிட்டிஷ் அரசு ஏறத்தாழ 1,62,000 கைதிகளைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் அயர்லாந்து நாட்டவர். வறுமையால் திருடியவரும் உண்டு. நாட்டு விடுதலை வேண்டிக் கிளர்ந்தெழுந்தவரும் உண்டு. 1798-ஆம் ஆண்டு அயர்லாந்தில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக நாடு கடத்தப்பட்டவருள் ஜேம்ஸ் மீஹன் என்பவர் ஒருவர். 1800-ஆம் ஆண்டில் சிட்னித் துறையில் கைதியாக இறங்கிய அவர் நில அளவைத் தொழில் அறிந்தவர். அத்தொழிலே அவருக்குத் துணையாயிற்று. 1806-ஆம் ஆண்டில் மன்னிப்புப் பெற்றார். பின்னர் நில அளவைத் துறையில் உயர்பதவி வகித்தார். அந்நாட்டின் ஊர்களையும் பண்ணைகளையும் சங்கிலி பிடித்து அளந்து எல்லை வகுத்தவர்களுள் அவரே முதன்மையானவர். சங்கிலியால் பிணிக்கத்தக்கவர் என்று தள்ளப்பட்டவர், அளவைச் சங்கிலியால் ஒரு நாட்டின் வரைபடத்தையே எழுதினார்.

இத்தகையோரின் வழிவந்தோர் நெடுங்காலம் தம் பாட்டனாரின் வரலாற்றை மறைத்தே வந்தனர். இன்றோ நிலை மாறிவிட்டது. கைதிக் கப்பலின் பெயர்ப் பட்டியலில் தம் முன்னோரைக் கண்டு பெருமையோடு கூறிக்கொள்வோர் அங்கே பலர். ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது. அக்குடியேறிகள் அளந்து கொண்ட நிலம் ஆளில்லாத நிலமன்று. ஆதிக்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த நிலம் அது. ஒருவரின் புதுவாழ்வு மற்றொருவரின் இழப்பாக முடிந்ததையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான வரலாறு ஆகும்.

தமிழருக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1825 முதல் 1873 வரை, இந்தியக் கைதிகள் சிங்கப்பூரில் வைத்து வேலை வாங்கப்பட்டனர். சென்னை மாகாணத்திலிருந்து சென்றவரும் அவர்களுள் இருந்தனர். சாலைகளும் பாலங்களும் அவர்கள் உழைப்பால் எழுந்தன. 1861-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற புனித ஆண்ட்ரூ பேராலயமும், இன்று அந்நாட்டுக் குடியரசுத் தலைவரின் மாளிகையாக விளங்கும் இஸ்தானாவும் அவர்கள் கைவண்ணமே. தண்டனைக் காலம் முடிந்த பின் பலர் அங்கேயே தங்கிக் குடும்பம் நடத்தினர்.

இனி, நம் கதைக்கு வருவோம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில், தக்கலையை அடுத்துப் புலியூர்க்குறிச்சி என்னும் ஊர் உள்ளது. சாலையை ஒட்டி ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்பில், ஒரு குன்றைத் தன்னுள் அடக்கியவாறு கருங்கற் கோட்டை ஒன்று நிற்கிறது. அதுவே உதயகிரிக் கோட்டை. அப்பகுதி மக்கள் வழக்கில் அதற்கு மற்றொரு பெயரும் உண்டு: டிலனாய்க் கோட்டை. கோட்டைக்குப் பெயர் தந்த அந்த டிலனாய், அக்கோட்டைக்குள் முதன்முதலாக அடியெடுத்து வைத்தது கைதியாகத்தான்.

அவருடைய முழுப்பெயர் யூஸ்டாக்கியஸ் பெனடிக்டஸ் டி லனாய். பிளெமிஷ் வழிவந்த அவர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணியாற்றியவர். குற்றம் புரிந்து தண்டனை பெற்ற அயர்லாந்துக் கைதிகளைப் போன்றவர் அல்லர் அவர், போரில் பிடிபட்டவர். எனினும் தம் விருப்பத்திற்கு மாறாக அயல் மண்ணில் சிறைப்பட்டார் என்னும் வகையில் அவர் நிலையும் அவர்கள் நிலையை ஒத்ததே.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாடு பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. 1729-ஆம் ஆண்டில் வேணாட்டு அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மர் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வென்று, திருவிதாங்கூர் என்னும் பேரரசை அமைத்து வந்தார். மிளகு வாணிகத்தைத் தம் கைக்குள் வைத்திருக்க விரும்பிய டச்சுக்காரருக்கு இஃது உடன்பாடாக இல்லை. பிரிந்து கிடக்கும் சிற்றரசர்களிடம் மலிவாகக் கொள்ளத்தக்க மிளகை, ஒரே பேரரசரிடம் அவ்விலைக்குக் கொள்ள இயலாதன்றோ? பகை முற்றியது. 1741-ஆம் ஆண்டில் டச்சுப் படை குளச்சல் கடற்கரையில் வந்திறங்கியது. அரசரின் தலைநகராகிய பத்மநாபபுரம் அங்கிருந்து சில மைல் தொலைவே. ஆயின் அரசரின் படை அவர்களைத் திரும்ப விரட்டிக் குளச்சலிலேயே வளைத்துக் கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் பணிந்தனர். ஐரோப்பிய வல்லரசு ஒன்றின் படையை இந்திய அரசர் ஒருவர் முறியடித்த அரிய நிகழ்ச்சியாக அப்போர் இன்றும் போற்றப்படுகிறது. அங்குப் பிடிபட்டோருள் டி லனாயும் ஒருவர். அவர் மன்னர் முன் பணியும் காட்சியைச் சித்திரிக்கும் ஓவியம் ஒன்றைப் பத்மநாபபுரம் அரண்மனையில் காணலாம்.

ஓவியம் அத்துடன் நின்றுவிடுகிறது. வாழ்க்கையோ அதன் பின்னரே தொடங்கியது.

கைதிகளைக் கொல்லலாம், விலைக்கு விடுவிக்கலாம், சிறையில் வாட்டலாம். மார்த்தாண்ட வர்மர் இவற்றுக்கெல்லாம் மேலான ஒன்றைச் செய்தார்: அவர்களுக்கு என்ன தெரியும் என்று பார்த்தார். ஐரோப்பியப் படைகள் வரிசை தவறாது நின்று, ஒரே கட்டளைக்கு ஒருசேரச் சுடுவதை அவர் களத்தில் கண்டிருந்தார். அக்கலை தம் படைக்கும் வேண்டும் என்று விழைந்தார். டி லனாயிடம் முதலில் ஒரு சிறு பிரிவு வீரர்களே பயிற்சிக்காக ஒப்படைக்கப்பட்டனர். அவர்கள் தேர்ச்சி பெற்றதைக் கண்ட பின்னர் பொறுப்பு வளர்ந்தது. படைப் பயிற்சி, பீரங்கி வார்ப்பு, வெடிமருந்துச் சாலை, கோட்டை கட்டுமானம் எல்லாம் படிப்படியாக அவர் கைக்கு வந்தன. உதயகிரியில் முன்பே இருந்த பழைய மண்கோட்டை, கருங்கற் கோட்டையாக மாறியது. உள்ளே உலைக்களம் எழுந்தது. காலம் செல்லச் செல்லக் கைதி, ‘வலிய கப்பித்தான்’ ஆனார். பெரிய தளபதி என்பது அதன் பொருள். ‘வலிய’ என்பது இம்மண்ணின் சொல். ‘கப்பித்தான்’ என்பது போர்த்துகீசியர் வழியாகக் கடல் கடந்து வந்த சொல். அவருடைய பட்டமும் அவரைப் போலவே பாதி இவ்வூரும் பாதி அயலூருமாக அமைந்தது.

அவர் ஏன் உடன்பட்டார் என்று நீங்கள் கேட்கலாம். அவருடைய உள்ளத்தை நாம் திறந்து பார்க்க இயலாது. அவருடைய காலத்தைப் பார்க்க இயலும். டச்சுக் கம்பெனி தன் இருநூறு ஆண்டு வாழ்நாளில் ஏறத்தாழ 10 இலட்சம் பேரைக் கப்பலேற்றி ஆசியாவுக்கு அனுப்பியது. அவர்களில் ஊர் திரும்பியவர் மூன்றில் ஒரு பங்கினர் அளவினரே. கம்பெனியின் படைவீரர்களுள் பலர் டச்சுக்காரர்களே அல்லர். வறுமையாலும் வேலையின்மையாலும் பல நாடுகளிலிருந்து வந்து கூலிக்குச் சேர்ந்தவர்கள். அத்தகைய வீரருக்குத் தாயகம் என்பது நினைவில் மட்டுமே இருந்தது. குளச்சலில் பிடிபட்ட பின்னரோ, விட்டு வந்த ஊர் தம்மை நினைக்கிறதா என்பதே ஐயம். எதிரே நின்ற ஊரோ, ‘உமக்கு என்ன தெரியும்?’ என்று கேட்டது. மனிதருக்கு இவ்வினா எத்துணை ஆறுதலானது என்பதை, அயலூரில் முதல் வேலை தேடி நின்ற எவரும் அறிவர்.

கம்பெனியின் கணக்கில் அவர் கட்சி மாறியவரே. அவர் பயிற்றிய படை, கம்பெனியின் நண்பர்களான அரசுகளை ஒன்றன்பின் ஒன்றாக வென்றது. 1746-இல் காயங்குளமும் அம்பலப்புழையும், பின்னர்த் தெக்கும்கூறும் வடக்கும்கூறும் திருவிதாங்கூரோடு இணைந்தன. 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கையின்படி, இவ்வரசரின் பகைவர்க்குத் துணை புரிவதில்லை என்று டச்சுக்காரர் ஒப்புக்கொண்டனர். இவ்வெற்றிகளையெல்லாம் நாம் புகழ்ச்சியாக மட்டும் கூறுதல் தகாது. காயங்குளத்தார்க்கும் அம்பலப்புழையார்க்கும் அவர் வரவு நாட்டின் முடிவாக அமைந்தது. ஆஸ்திரேலியக் குடியேறிகளைப் பற்றிக் கூறிய சொல் இவருக்கும் பொருந்தும்: குடியேறியவரின் ஏற்றம் எப்போதும் எல்லார்க்கும் நன்மையாக முடிவதில்லை.

அன்றியும் அவர் கொடுத்த விலையும் சிறிதன்று.

டி லனாய் கத்தோலிக்கர். தம் சமயத்தை இறுதிவரை கைவிடவில்லை. கிறிஸ்தவர் ஆதலின் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் அவர் செல்ல இயலவில்லை என்றும், அதனாலேயே உதயகிரிக் கோட்டையைத் தம் இருப்பிடமாகக் கொண்டார் என்றும் கூறுவர். நாட்டின் காவலை ஒப்படைத்த அரசு, அரண்மனை வாயிலை அவருக்குத் திறக்கவில்லை. அயலூரில் வாழ்வோர்க்கு இந்நிலை புதிதன்று. உழைப்பை ஊரார் ஏற்றுக்கொள்வர்; உள்ளறையில் அமர்த்திப் பேசும் நாள் எளிதில் வாராது.

இதனினும் கடுமையான சோதனை ஒன்று அவருக்கு நேர்ந்தது. நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை என்பவர் அரசுப் பணியாளராக உதயகிரியில் டி லனாயுடன் பணிபுரிந்தார். இருவரும் நண்பராயினர். குடும்பத்தில் இழப்புகள் நேர்ந்து நீலகண்ட பிள்ளை மனம் வாடியிருந்த காலத்தில், டி லனாய் அவருக்கு விவிலியத்தில் வரும் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1745-ஆம் ஆண்டில் நீலகண்ட பிள்ளை வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். லாசரு என்னும் விவிலியப் பெயரின் தமிழாக்கம் அது. 1749-இல் அவர் சிறைப்படுத்தப்பட்டார். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15 அன்று உரோமாபுரியில் அவர் புனிதராக அறிவிக்கப்பெற்றதை நேயர்கள் அறிந்திருப்பீர்கள். அத்தண்டனையின் காரணங்களைப் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அவ்வாதத்தில் நாம் இறங்க வேண்டுவதில்லை. நமக்கு இங்கு வேண்டுவது ஒன்றே: நண்பர் சங்கிலியில் இருந்த அந்த மூன்று ஆண்டுகளிலும், அந்நண்பரைத் தண்டித்த அரசின் படைக்குப் பயிற்சி தந்தவர் டி லனாய். அவரால் நண்பரைக் காக்க முடியவில்லை. பணியையும் அவர் துறக்கவில்லை. பிறர் நிலத்தில் வேரூன்றியவரின் வலிமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. அந்நாட்களில் அவர் உள்ளம் பட்ட பாட்டை நாம் தீர்ப்புக் கூறாமல் எண்ணிப் பார்த்தல் தகும்.

1758-இல் மார்த்தாண்ட வர்மர் மறைந்தார். அடுத்து வந்த கார்த்திகைத் திருநாள் இராம வர்மரும், தருமராசா என்று மக்கள் போற்றிய அவ்வரசரும், டி லனாயின் பணியை விடாது கொண்டார். வடக்கிலிருந்து வரும் படையெடுப்பைத் தடுக்க, கடற்கரையிலிருந்து மலைத்தொடர் வரை ஏறத்தாழ 30 மைல் நீளத்திற்கு நெடுங்கோட்டை என்னும் அரண் எழுந்தது. அதன் அமைப்பில் டி லனாயின் கை பெரிதும் இருந்தது. கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள வட்டக்கோட்டையும் அவர் காலத்தில் வலுப்பெற்றதே. 1789-ஆம் ஆண்டு திசம்பர் இறுதியில் திப்பு சுல்தானின் படை நெடுங்கோட்டையைத் தாக்கியபோது, முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அப்போது டி லனாய் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் எழுப்பிய சுவர் அவர் இல்லாத காலத்திலும் காவல் நின்றது.

அவருடைய மகன் ஜோகன்னஸ் இம்மண்ணில் வளர்ந்தவர். 1765-ஆம் ஆண்டில் களக்காட்டுப் போரில் பட்ட காயத்தால் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. தந்தை இந்நாட்டுக்கு வந்தது பிறர் ஆணையால். மகன் இறந்தது இந்நாட்டுக்காக. ஓர் ஊரில் நம் வீடு இருக்கலாம். நம் நிலம் இருக்கலாம். இவையெல்லாம் விற்றுவிட்டுப் புறப்படத்தக்கவை. நம் பிள்ளையின் கல்லறை இருக்கும் ஊரை எவரும் விற்றுவிட்டுப் புறப்பட இயலாது. டி லனாயின் தற்போதைய முகவரி நிரந்தர முகவரியானது அன்றுதான் என்று நான் கருதுகிறேன்.

1777 சூன் 1 அன்று, தம் அறுபத்துமூன்றாம் வயதில், உதயகிரியில் டி லனாய் மறைந்தார். கோட்டைக்குள் இருக்கும் சிற்றாலயத்தில் அவரும் அவர் மனைவியும் மகனும் துயில்கின்றனர். ஆலயத்தின் கூரை இன்று இல்லை; சுவர்கள் நிற்கின்றன. கல்லறைக் கல்லில் எழுத்துகள் உள்ளன. ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் அவர் மன்னருக்கு மிக்க விசுவாசத்துடன் பணி புரிந்தார் என்பது அதன் சாரம். அம்முப்பத்தேழு ஆண்டுகளின் கணக்கு, அவர் பிடிபட்ட காலத்தை ஒட்டியே தொடங்குகிறது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். கைதியாக இருந்த நாட்களையும் கல் பணிக்காலத்தில் சேர்த்துக்கொண்டது.

அக்கல்லறைகளில் இரண்டு மொழிகள் உள்ளன: ஒன்று இலத்தீன், மற்றொன்று தமிழ். மொழிபெயர்ப்பாளனாகிய என்னை இச்செய்தி ஈர்ப்பதில் வியப்பில்லை. இலத்தீன் அவருடைய திருச்சபையின் மொழி. அவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கூறும் மொழி. தமிழ், கோட்டையைச் சுற்றி வாழ்ந்த மக்களின் மொழி. அவர் யாரோடு வாழ்ந்தார் என்பதைக் கூறும் மொழி. வந்த வழிக்கு ஒன்று, வாழ்ந்த வழிக்கு ஒன்று. ஒன்றை அழித்து மற்றொன்றை எழுத வேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. அருகருகே இரண்டையும் பொறிக்கக் கல்லில் இடம் இருந்தது.

இவ்வரலாற்றில் மற்றொரு செய்தியும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழ் வழங்கிய தென் வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. உதயகிரிக் கோட்டையும் அவற்றோடு சென்றது. இன்று தமிழ்நாடு வனத்துறை அங்கே பல்லுயிர்ப் பூங்கா ஒன்றை நடத்துகிறது. அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையோ தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது. மனிதர் எல்லையைக் கடப்பதுண்டு. எல்லை மனிதரைக் கடப்பதும் உண்டு. கேரள மன்னருக்குப் பணிபுரிந்த டி லனாய், படுத்த இடத்தை விட்டு அசையாமலே தமிழ்நாட்டவர் ஆனார்! முகவரி என்பது நாம் எண்ணுவது போல் அவ்வளவு உறுதியான பொருளன்று என்பதற்கு இதுவே சான்று.

நேயர்களே, இவ்வரலாறு நமக்கு உரைப்பது யாது? பயனுள்ள தொழில் ஒன்றைக் கற்றிருந்தால் எவ்வூரிலும் பிழைக்கலாம் என்பது ஒன்று, உண்மையே. ஆனால் அதனோடு நின்றுவிட்டால் கதையைப் பாதியே கேட்டவராவோம். டி லனாய் தம் பயனைக் காட்டியே உயிர் வாழ வேண்டியிருந்தது, அது முடியாட்சிக் காலம், அவர் கைதி. நம் நிலை அதுவன்று. இந்திய நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கவும் குடியமரவும் குடிமக்கள் எல்லார்க்கும் உரிமை உண்டு என்று நம் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு கூறுகிறது. தனக்கென மொழியும் எழுத்தும் பண்பாடும் உடைய மக்கள் அவற்றைக் காத்துக்கொள்ளலாம் என்று 29-ஆம் பிரிவு கூறுகிறது. எனவே அயல் மாநிலத்தில் சுமை தூக்கும் தமிழரும் சரி, ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் தமிழரும் சரி, தம் இருப்பை எவரிடமும் யாசித்துப் பெற வேண்டியவர் அல்லர். ‘நான் இவ்வளவு பயன்பட்டேன், ஆகையால் என்னை இருக்க விடுங்கள்’ என்று கூறும் நிலை எவர்க்கும் வேண்டா.

எனினும் உரிமை வேறு, உறவு வேறு. உரிமையைச் சட்டம் தரும். உறவைச் சட்டம் தர இயலாது. அண்டை வீட்டாரின் மொழியைக் கற்பதும், அவர் துயரில் கலந்துகொள்வதும், ஊரின் குளத்தையும் பள்ளியையும் தம்முடையவை என்று எண்ணிக் காப்பதும் நாமாகச் செய்ய வேண்டியவை. அவ்வாறே, வந்தவரை நோக்கி ‘நீர் எந்த ஊர்?’ என்று கேட்பதோடு நில்லாது, ‘உமக்கு என்ன தெரியும்? எங்களுக்குக் கற்றுத் தருவீரா?’ என்று கேட்பது ஊராரின் கடமை. தமிழ்நாட்டுக்கு இன்று பிற மாநிலங்களிலிருந்து வேலை தேடி வருவோரிடம் நம் உறவினர் இவ்வாறு கேட்கின்றனரா என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெளியூரில் நாம் விரும்பும் மரியாதையைச் சொந்த ஊரில் பிறர்க்கு மறுப்பது அறமாகாது.

அயலூரில் வேரூன்றினால் தாய்மொழி தேய்ந்துவிடும் என்று அஞ்சுவாரும் உளர். அவர்களுக்குத் திருவனந்தபுரத்திலிருந்தே ஒரு சான்று கூறலாம். பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1855-ஆம் ஆண்டில் ஆலப்புழையில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். திருவனந்தபுரத்தில் கற்பித்து, அங்கேயே 1897-இல் மறைந்தார். 1891-இல் வெளிவந்த அவருடைய ‘மனோன்மணீயம்’ நாடகத்திலிருந்துதான் தமிழ்த்தாய் வாழ்த்து எடுக்கப்பெற்றது. 1970 முதல் அரசு விழாக்களில் பாடப்பட்டுவரும் அப்பாடலைத் தமிழ்நாடு அரசு 2021-இல் மாநிலப் பாடலாக அறிவித்தது. தமிழகமே எழுந்து நின்று பாடும் வாழ்த்தை இயற்றியவர், தமிழகத்துக்கு வெளியே பிறந்து வெளியே மறைந்தவர். ஊர் மாறினால் மொழி மறையும் என்பது விதியன்று. பேணாதவரிடத்து எவ்வூரிலும் மறையும், பேணுவாரிடத்து எவ்வூரிலும் தழைக்கும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நேயர்கள், திருவனந்தபுரம் வழியாக நாகர்கோவில் செல்ல நேர்ந்தால், புலியூர்க்குறிச்சியில் சிறிது நேரம் இறங்குங்கள். குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மரங்களுக்கு இடையே நடந்தால் அக்கூரையற்ற ஆலயம் தென்படும். அக்கல்லின் முன் நின்று, இங்கே துயில்பவர் எந்த ஊரார் என்று குழந்தைகளைக் கேளுங்கள். ஐரோப்பாவில் பிறந்தவர் என்று ஒரு குழந்தை கூறலாம். திருவிதாங்கூரின் தளபதி என்று மற்றொரு குழந்தை கூறலாம். கோட்டையை ஒட்டி வாழும் பிள்ளையைக் கேட்டால், ‘எங்கள் ஊர்க்காரர்தாம், எங்கள் டிலனாய்’ என்று கூறக்கூடும். மூன்று விடைகளும் சரியானவையே. அவற்றுள் மூன்றாவதைப் பெறுவதற்கே ஒரு முழு வாழ்நாள் தேவைப்பட்டது.